காற்றாலைக்குப் பின்னால் வீசும் காற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் "காற்று தீராத வளம், காற்றாலைகளை எவ்வளவு நெருக்கமாகவும் நடலாம்" என்று ஒரு வரி வந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதை அப்படியே பாடசாலை ஒப்படையில் எழுதி என்னிடம் கொண்டுவந்து காட்டினான். உயர்தர வகுப்புக்கு இருபத்தெட்டு வருஷம் பௌதிகவியல் படிப்பித்த எனக்கு மனம் பொறுக்கவில்லை.

காற்றின் வேகத்தைப் பறித்துத்தான் விசிறி சுழல்கிறது. பறிகொடுத்த காற்று மெலிந்து, இறகு நுனிகளிலிருந்து கழன்ற சுழிகளோடு முறுகிக்கொண்டு பின்னால் போகிறது. சுற்றியுள்ள காற்று வந்து கலந்தால்தான் அதற்குப் பழைய வேகம் திரும்பும். வெயில் நேரம் சீக்கிரம் கலக்கும். காற்று அடுக்கடுக்காய் அடங்கிய இரவில் அந்தத் தடம் நெடுந்தூரம் நீளும். காற்றிலிருந்து கிடைக்கும் வலு வேகத்தின் மும்மடியோடு, அதாவது வேகத்தை வேகத்தால் இருமுறை பெருக்கிய அளவோடு, மாறுவதால், வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். குழம்பிய காற்று அடுத்த விசிறியின் இறகுகளையும் உலுக்கிக் களைப்படையச் செய்யும்.

டென்மார்க்கின் ஹோர்ன்ஸ் ரெவ் கடற்பரப்பில் 80 காற்றாலைகளை 560 மீற்றர் இடைவெளியில் நட்டார்கள். இறகு வட்டத்தின் விட்டத்தைப்போல் அது ஏழு மடங்கு. அப்படியிருந்தும் வரிசை நெடுக காற்றடித்தால் இரண்டாவது காற்றாலையின் உற்பத்தி மூன்றிலொரு பங்குக்கு மேல் விழுகிறது. 2008 பெப்ரவரியில் அங்கே எடுத்த படத்தில் ஒவ்வொரு விசிறிக்குப் பின்னாலும் மூடுபனி வாலாய் நீண்டு கிடக்கிறது. நம் மன்னார் தம்பபவனிக் காற்றாலைகளின் இறகு வட்ட விட்டம் 126 மீற்றர். ஏழு மடங்கு என்றால் 880 மீற்றரைத் தாண்டும்.

இதற்குப் படமும் வேண்டாம். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அப்பாவோடு கோணேசர் மலைக்கு வெளியே வள்ளத்தில் போவேன். மலை மறைப்புக்குள் நுழைந்ததும் பாய் துவண்டு தொங்கும். "காத்து செத்துப்போச்சு எண்டு நினையாதை, கயித்தை விடாதை" என்பார். கொஞ்சத் தூரம் கழித்துக் காற்று ஒருமுறை இடமிருந்தும் மறுமுறை வலமிருந்தும் அறையும். அந்தக் கயிறு உரித்த தழும்பு என் வலது உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது.

இவை தாங்கள் அறியாதவையல்ல. ஆனால், மின்னலைப் பற்றிய தவறைச் சுட்டி நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. வாடைக்காற்றைப் பற்றி எழுதியதும் வெளிவரவில்லை. முழுப் பக்கமாய் இருந்த அறிவியல் பகுதியும் கால் பக்கமாகிவிட்டது. முப்பது வருஷ வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன்: வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், நாலு வரித் திருத்தம் போடுங்கள். பிள்ளை ஒப்படையைத் திங்கட்கிழமை கொடுக்கவேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
திருகோணமலை