எட்டு ஷீட்டும் ஒரு எலியும்

ஏட்டி,

'அன்புள்ள' என்றுதான் தொடங்கினேன், அடித்துவிட்டேன். நமக்குள் அது ஒட்டவில்லை. 1987 ஜூலையில் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் நான் இரும்புப் பெட்டியோடு வந்து நின்ற முதல் நிமிடத்தில், "ஏட்டி, ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்கு" என்றாய் நீ. திண்டுக்கல்காரிக்கு 'ஏண்டி' தெரியும், 'வாடி' தெரியும். இந்த 'ஏட்டி' ஏதோ வசவு என்று நினைத்து இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மெஸ் ஆயா கரண்டியும் கையுமாக வந்து, "ஏட்டி, இன்னொரு இட்லி வைக்கட்டா?" என்று கேட்டார். அப்புறம்தான் எனக்கு உயிர் வந்தது.

உன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் பயனில்லை. அம்பாசமுத்திரம் பக்கம் உன் பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கல்யாணம் ஆகி பம்பாய் போனாய், 1996ல் நான் போட்ட இன்லேண்ட் லெட்டர் சிவப்பு மையில் ஏதோ கிறுக்கலோடு திரும்பி வந்தது. அதோடு சரி. ஃபேஸ்புக்கில் தேடி வேறு யாரோ மூன்று பெண்களுக்கு நட்பு அழைப்பு அனுப்பியதுதான் மிச்சம். அதில் ஒருத்தி இன்றைக்கும் எனக்குக் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். ஆனால் இதை எப்படியாவது உனக்குச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் ஊர் பார்க்க எழுதுகிறேன்.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தார்கள். பரணில் இருந்ததையெல்லாம் இறக்கும்போது அந்தப் பெட்டியும் இறங்கியது. கறுப்பு பெயின்ட் உரிந்து, மூடியில் என் ரோல் நம்பர் மட்டும் வெள்ளையில் நிற்கிறது. "காயலான் கடைக்குப் போட்டுரலாமா?" என்றாள் மகள். பூட்டைத் திறக்கச் சாவி இல்லை, பெயின்டர் தம்பி ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரே நெம்பு.

மேலே ஆட்டோகிராஃப் புத்தகம். மஞ்சள், ரோஸ், நீலம் என்று தாள் மாறி மாறி வருமே, அது. எல்லோரும் நிலவு, கடல், ஓடம் என்று கவிதையாகக் கொட்டியிருக்கிறார்கள். சொந்தமாக எழுதியவை அல்ல, ஒரே கவிதை ஆறு பக்கங்களில் இருக்கிறது. நீ ஒரே வரி: "இனிமே யாருட்டி எனக்குத் தலை பின்னி விடுவா?"

அதற்குக் கீழே அப்பாவின் மணியார்டர் துண்டுகள், நூலில் கோத்து. ஃபாரத்தின் அடியில் செய்தி எழுத ஒரு சின்ன இடம் இருக்கும், பணம் கொடுத்ததும் போஸ்ட்மேன் அதைக் கிழித்துக் கையில் தருவார். அப்பா பேச்சிலேயே சிக்கனக்காரர், அந்த இடத்தில் கேட்கவா வேண்டும்! "நலம். மெஸ் பணம். மழையில் நனையாதே." மூன்று வருடமும் இதேதான், கோடையில் வந்ததிலும் மழையில் நனையாதே. 2015ல் தபால் துறை பழைய காகித மணியார்டரை நிறுத்தியபோது செய்தியைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிட்டேன். அப்பா போய் அப்போது நாலு வருடம். இந்தத் துண்டுகள் பரணில் இருக்கின்றன என்று ஞாபகமே இல்லை.

மெஸ் பணம் என்றதும் உன் கணக்கு நோட்டு கண்முன் வருகிறது. நம் ஹாஸ்டலில் டிவைடிங் சிஸ்டம். மாதம் முழுக்க ஆன செலவை, எல்லோரும் சாப்பிட்ட நாட்களின் மொத்தத்தால் வகுத்து, ஒருத்திக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பில் வரும். இரண்டாம் வருடம் நீ மெஸ் செகரட்டரி. அரிசி மூட்டை வந்தால் தராசு பக்கத்தில் நின்றுகொண்டு, முள் நிற்கும்வரை கடைக்காரரை மூச்சுவிட விடமாட்டாய். ஒரு மாதம் கணக்கில் எட்டு பைசா இடித்தது. ராத்திரி விளக்கணைத்த பிறகும் டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து, புளிக்காரருக்குக் கொடுத்த சீட்டில் அந்த எட்டு பைசாவைப் பிடித்துவிட்டுத்தான் படுத்தாய். "கணக்குன்னா கணக்குட்டி" என்றாய். அப்படிப்பட்டவள் நீ. இது முக்கியம், பிறகு சொல்கிறேன்.

காலையில் குழாயடி உனக்கு மறந்திருக்காது. ஐந்து மணிக்கு வாளிகள் மட்டும் வரிசையில் நிற்கும், ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். வாளியின் கைப்பிடியில் ரிப்பன், நெயில் பாலிஷ் பொட்டு, ஒருத்தி சாமி கயிறே கட்டியிருந்தாள். சனிக்கிழமை அவுட்டிங். சுலோசன முதலியார் பாலத்தைக் கடக்கும்போது பஸ்ஸில் எல்லோரும் ஆறு இருக்கும் பக்கம் சாய்வோம், கண்டக்டர் திட்டுவார். தாமிரபரணியைப் பார்த்ததும் "எங்க ஊர்ல இருந்து வருது, பாத்துக்க" என்று ஏதோ உங்கள் வீட்டுப் பைப்பைத் திறந்துவிட்டது மாதிரி சொல்வாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், நம் ஹெர்பேரியம்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. தாவரவியல் மூன்றாம் வருடத்தில் நாங்கள் ஆளுக்கு முப்பது செடிகள் சேகரித்து, காயவைத்து, கெட்டி அட்டையில் ஒட்டிப் பரீட்சைக்கு வைக்க வேண்டும். பறித்த செடியைச் செய்தித்தாள்களுக்கு நடுவே விரித்து மேலே பாரம் ஏற்ற வேண்டும். எங்களுக்கு வாய்த்த பாரம் டிரங்க் பெட்டிதான். ஈரம் இழுத்த தாளை முதல் சில நாட்கள் தினமும் மாற்ற வேண்டும், விட்டால் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்த மைதா பசையால் ஒட்டி, தடித்த தண்டுகளை நூலால் தைத்து, வலது கீழ் மூலையில் லேபிள். அதில் தாவரப் பெயர், குடும்பம், இடம், தேதி, சேகரித்தவர்.

1989 அக்டோபரில் பாபநாசம் போனோமே, அங்கேதான் முக்கால்வாசியும் பறித்தோம். வேலி முழுக்கக் காந்தள் ஏறிக் கிடந்தது. இலையின் நுனியே சுருண்டு கொம்பைப் பிடித்துக்கொள்ளும் என்று வகுப்பில் படித்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தோம். பூ கீழே மஞ்சளும் மேலே சிவப்புமாக எரிந்துகொண்டிருந்தது. நீ கருவேல முள்ளுக்குள் புகுந்து கிழங்கு அறுபடாமல் ஒரு முழுக்கொடியைத் தோண்டி எடுத்தாய். முழங்கைவரை கீறல். "கிழங்கு விஷம்டீ, கையைக் கழுவு" என்று நான் கத்த, "பூ வாடிருமேட்டி, முதல்ல பேப்பரை விரி" என்றாய்.

அந்த மாதக் கடைசியில் தீபாவளி. நான் தாளை மாற்றாமல் ஊருக்கு ஓடிவிட்டேன். வடகிழக்குப் பருவமழை வேறு. ஒரு வாரம் கழித்து வந்து பெட்டியை நகர்த்தினால் புளித்த மாவு வாசனை. தண்ணீர் அதிகம் உள்ள செடிகள் எல்லாம் போயிருந்தன. பிரண்டை கறுத்துக் கூழாகி, ஊமத்தையின் மேல் வெள்ளையாக முடி முளைத்து, என் காந்தள் இருந்த இடத்தில் ஒரு பழுப்புக் கறை. எட்டு செடிகள். மற்ற இருபத்திரண்டும் தப்பின. தும்பையும் குப்பைமேனியும் என்னை மாதிரி சோம்பேறிகளுக்காகவே படைக்கப்பட்டவை.

பிறகு பறித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். செடிகள் எனக்காகக் காத்திருக்கவில்லை, காந்தள் கொடி அந்த ஆண்டுக்கு மடிந்துவிட்டது. பிப்ரவரியில் ஷீட் வைக்க ஒரு வாரம் இருக்கும்போது நான் கட்டிலில் கவிழ்ந்து அழுதேன். நீ எழுந்து போய் உன் கட்டைப் பிரித்து எட்டு ஷீட்டை என் தலையணை மேல் போட்டாய். "எல்லாம் ரெண்டு ரெண்டா எடுத்ததுட்டி. மிச்சம்தான். லேபிள் நான் ஒட்டித் தாரேன், உன் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும்."

ஆயாவிடம் பசை காய்ச்சி வாங்கி வந்ததும் நீதான். என் பெயர் எழுதிய லேபிளை ஒட்டித் தந்ததும் நீதான். நான் முப்பதும் வைத்தேன், முழு மதிப்பெண். நீ வைத்தது இருபத்திரண்டு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா எல்லோர் முன்னாலும் உன்னை நிறுத்தி, "மீதி எங்கே?" என்று கேட்டார். "எலி கடிச்சிட்டு மேடம்" என்றாய். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். பாதிக்கு மேல் குறைத்துப் போட்டார் அந்தப் புண்ணியவதி. கதை வார்டன் காதுக்குப் போய், நம் அறையில் பொறி வைத்து, மசால்வடைத் துண்டுக்கு உண்மையிலேயே ஓர் எலி மாட்டியது. பார், சும்மாவா சொன்னேன் என்று நீ அதைத் தூக்கிக் காட்டியபோது உன் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அன்றைக்குக் குறும்பு என்று நினைத்தேன்.

எட்டு எனக்குக் கிடைத்தது, எட்டு உன்னிடம் குறைந்தது. எட்டுக்கும் எட்டுக்கும் முடிச்சுப் போடத் தெரியாத மண்டுவாக இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

இப்போது உறையைப் பிரித்தேன். செடிகளுக்கு நடுவே இன்னமும் 1989 நவம்பர் மாதத் தாள்கள். பெர்லின் சுவர் திறந்த செய்தி ஒரு பக்கம், நாடாளுமன்றத் தேர்தல் கூட்டங்கள் மறுபக்கம். லேபிளில் 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்று இருக்கிறது. அந்த மாவட்டப் பெயரும் இப்போது இல்லை, பட்டம் கொடுத்த மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் நம் கல்லூரிக்கும் தொடர்பு இல்லை. நாம் முடித்த 1990லேயே திருநெல்வேலிக்குத் தனியாக மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்துவிட்டது.

காந்தள் ஷீட்டைத் தூக்கியதும் லேபிள் கழன்று என் மடியில் விழுந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆன மைதா பசை, காய்ந்து பொடியாகிவிட்டது. அதற்குக் கீழே இன்னொரு லேபிள். உன் முத்து முத்தான எழுத்து. பாபநாசம், அதே தேதி. சேகரித்தவர் என்ற இடத்தில் உன் பெயர். மூலையில் 7/30.

மற்ற ஏழையும் நகத்தால் நெம்பினேன். 11/30, 12/30, 19/30... எல்லாம் உன் வரிசை எண். ரெண்டு ரெண்டும் இல்லை, மிச்சமும் இல்லை. எட்டு பைசாவுக்கு ராத்திரி முழிக்கிறவள் எட்டு ஷீட்டுக்குக் கணக்கு காட்டாமல் போயிருக்கிறாய். பெயின்டர் தம்பி டீ வேண்டுமா என்று கேட்க வந்து, நான் அழுவதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். (எங்கள் வீட்டில் பெயின்டர்தான் எனக்கு டீ வாங்கித் தருகிறார். அது வேறு கதை.)

மேலே இருந்த எட்டு லேபிளையும் ஒரு கவரில் போட்டுவிட்டேன். மறுபடி ஒட்டப் போவதில்லை. ஷீட்டுகள் உன் பெயரோடு உறைக்குள் இருக்கின்றன, புதுச் செய்தித்தாள் வைத்து. காந்தளின் சிவப்பெல்லாம் போய்த் தேயிலை நிறமாகிவிட்டது, ஆனால் இலை நுனிச் சுருள் அப்படியே இருக்கிறது. கிழங்கைத் தைத்த நூல் நீ தாவணிக்கு ஓரம் அடித்த பச்சை நூல்.

இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுது. பம்பாயோ அமெரிக்காவோ, நானே கொண்டு வந்து தருகிறேன். மகள் கூரியரில் அனுப்பலாம் என்கிறாள், ஓரம் ஒடிந்துவிடும் என்று நான் சம்மதிக்கவில்லை.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பொறியில் மாட்டிய எலியை என்னட்டி செய்தோம்? அது மட்டும் எனக்கு ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

திண்டுக்கல்காரி