புளித்துப்போன மாவுக்கு ஒரு நன்றி மடல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் உறவுகளுக்கு வணக்கம்.

சனிக்கிழமை மாலை மண்டபத்தில் குறும்படங்கள் திரையிட நாங்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். மண்டபச் சாவி, மழை, மின்வெட்டு என்று அந்தக் கதையை மறுபடி அவிழ்க்கப் போவதில்லை. எட்டரை மணிக்குப் படம் ஓடியது, அது போதும்.

தனிமையில் இருப்பவர்களைப் பற்றிய குறும்படங்கள் என்று நோட்டீஸ் ஒட்டியபோதே ஒரு பாட்டி, "பிள்ளைகள் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட ஊரில் அதைப் படமாக வேறு பார்க்க வேண்டுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் தனக்குத்தானே சதுரங்கம் ஆடும் கிழவரின் படத்தில் (‘ஜெரிஸ் கேம்’, 1997, ஐந்தே நிமிடம்) ஜெயித்தவருக்குப் பரிசு பல் செட் என்று தெரிந்ததும் மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தவர் அவர்தான்.

மூன்று படங்களையும் பேச்சு அதிகம் இல்லாதவையாகத்தான் பொறுக்கினேன். 1956இல் வந்த பிரெஞ்சுப் படம் ‘சிவப்பு பலூன்’ 34 நிமிடம் ஓடுகிறது, வசனம் விரல்விட்டு எண்ணலாம். அதற்குப் போய்த் திரைக்கதைக்கான ஆஸ்கார் கொடுத்தார்கள்! மொழி யாருக்கும் தடையாக இருக்கக் கூடாது என்று நினைத்துச் செய்தது, ஜெனரேட்டர் சத்தத்துக்கும் கைகொடுக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அந்த ஜெனரேட்டர் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வடை போடும் அண்ணனுடையது. அன்றைக்கு அந்தச் சாலையில் விளக்கு எரிந்த ஒரே கடை அவருடையது. இருட்டில் தவித்த கூட்டமெல்லாம் அங்கேதான் மொய்த்துக்கொண்டிருந்தது. நான் நனைந்துபோய் நின்று, யாரிடமாவது ஜெனரேட்டர் கிடைக்குமா என்று விசாரிக்கத்தான் போனேன். அவருடையதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அவர் சட்டியிலிருந்த கடைசி ஈட்டை அரித்து எடுத்தார், அடுப்பை அணைத்தார், வரிசையில் நின்றவர்களிடம் "இன்றைக்கு இவ்வளவுதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு பக்கம் பிடி, தங்கச்சி" என்றார்.

சத்தம் குறைவாகக் கேட்கட்டும் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, மழை படாமல் ஒரு தகரத்தைச் சாய்த்தார். ஒன்றரை மணி நேரமும் டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் குறைந்தால் ஊற்ற ஆள் வேண்டுமாம். உள்ளே எழுபது பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தனிமையைப் பற்றிய படம் பார்த்தோம். அவர் ஒரு படமும் பார்க்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அரைத்த மாவு மறுநாள் புளித்துப்போய்க் கொட்டப்பட்டதையும் பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். பெட்ரோலுக்குக்கூட ஒரு வெள்ளி வாங்க மறுத்துவிட்டார்.

திங்கட்கிழமை கைப்பேசியோடு அவரிடம் போனேன். கை முழுக்க மாவு என்பதால் நானே பிடித்துக்கொண்டு நின்றேன். காட்டியது அவர் தவறவிட்ட மூன்றில் ஒன்று, ஜப்பானியர் குனியோ கட்டோவின் 2008ஆம் ஆண்டுப் படம், 12 நிமிடம். தண்ணீர் ஏற ஏற ஒரு முதியவர் வீட்டின் மேல் வீடாகக் கட்டிக்கொண்டே போகிறார். ஒருநாள் புகைக்கும் குழாய் தவறி நீருக்குள் விழ, அதை எடுக்கக் கீழே கீழே, மறைந்த மனைவியோடு வாழ்ந்த பழைய வீடுகளுக்குள் முங்கிப் போகிறார். "படகிலேயே செங்கல் கொண்டுவந்து கட்டுகிறானே, கெட்டிக்காரன்" என்றார் அண்ணன். "குழாய் போனால் வேறு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே" என்றும் சொன்னார். முதியவர் அடித்தளத்து வீட்டை அடைந்தபோது பேச்சு நின்றது. எண்ணெய் புகைந்தது. அடுப்பை அணைத்தார்.

படம் முடிந்ததும், "அந்த அம்மா தவறி எத்தனை வருடமாம்?" என்று கேட்டார்.

"படத்தில் சொல்லவில்லை, அண்ணே."

"சொல்ல மாட்டார்கள்" என்று திரும்ப அடுப்பைப் பற்றவைத்தார்.

இரவு எட்டு மணிக்கு மேல் கடை திறந்து வயர் கொடுத்த இரும்புக்கடைத் தவுக்கே (முதலாளி), மூங்கில் கட்டித் திரையை நிமிர்த்திய பையன்கள், தேநீர் கலக்கிய அக்காமார், வேனில் முதியவர்களை லயத்து வீடுகளுக்கே கொண்டுபோய் விட்ட ஆசிரியர், அத்தனை பேருக்கும் என் கும்பிடு. பெயர் போட்டால் அடிப்பேன் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள், அதனால் போடவில்லை.

அடுத்த தடவை ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துவிடுவேன், அண்ணனுக்கு முதல் வரிசையில் இடம். சனிக்கிழமை மட்டும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், வியாபாரம் கெடுகிறதாம்.

நான்கு நாற்காலியும் ஒரு பச்சைக் குடையும் இன்னும் மண்டபத்தில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். சாவி இப்போது என்னிடம் இருக்கிறது.