போதையா ரெக்கார்டிங் செய்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிங்க் ஃப்ளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவைப் பற்றிய கட்டுரை படித்தேன். நீளமான கட்டுரை, பளபளப்பான படங்கள், சந்தோஷம். ஆனால் 1967-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பமான ‘த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்’ பற்றி உங்கள் கட்டுரையாளருக்குச் சொல்ல இருந்ததெல்லாம், ‘போதையில் மிதந்த நாலு பையன்கள் ஸ்டூடியோவில் அடித்த கூத்து’ என்பதுதான். அடுத்த பத்தியிலேயே 1973-க்குத் தாவிவிட்டார். நடுவில் ஆறு வருஷம் என்ன ஆயிற்று என்று கேட்டால் பக்கம் போதவில்லை என்பீர்கள். நகைக்கடை விளம்பரத்துக்கு மட்டும் எப்படியோ போதுகிறது.

நான் கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் டேப் ஓட்டிப் பிழைத்தவன். ஒரே டேப்பில் தனித்தனியாகப் பதிய நாலே தடம், அதாவது நாலு டிராக்கில் பதிவு செய்வது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நாலும் நிரம்பிவிட்டால், எல்லாவற்றையும் கலந்து இன்னொரு டேப்பில் ஒன்றிரண்டு டிராக்காக ஏற்றிவிட்டு, மிச்ச இடத்தில்தான் அடுத்த வாத்தியத்தைப் பதிய வேண்டும். அப்படி ஏற்றிய பிறகு டிரம்ஸ் தூக்கலாக இருக்கிறதே என்று தலையைச் சொறிந்து பயனில்லை. பாடகர் மூச்சு வாங்கியது உட்பட எல்லாம் ஒட்டிக்கொண்டுவிடும்.

இந்த ஆல்பம் 1967 பிப்ரவரியிலிருந்து மே வரை லண்டன் ஆபி ரோட்டில் உள்ள இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் அப்படிப்பட்ட நாலு டிராக் மெஷினில் பதிவானது. தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித், 1965 வரை பீட்டில்ஸுக்கு ஒலிப்பதிவாளராக இருந்தவர். அதே கட்டடத்தில் அந்த மாதங்களில்தான் பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ வேலையும் நடந்தது. அப்பேர்ப்பட்ட இடத்தில், அப்பேர்ப்பட்ட மனிதரை எதிரே வைத்துக்கொண்டு கூத்தடிக்க விடுவார்களா? உங்களுக்குத் தெரியாததா!

ஆல்பத்தில் உள்ள ‘இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்’ ஏறக்குறைய பத்து நிமிஷம் ஓடுகிறது. முழுதாக வாசித்து முடித்ததன் மேல் இன்னொரு முறை வாசித்ததை ஏற்றியிருக்கிறார்கள். ஸ்டீரியோவில் கேட்டால் கடைசியில் சத்தம் இந்த ஸ்பீக்கருக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் மாறி மாறி ஓடும். எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வரும் மோனோவில் அந்த வேடிக்கை கிடையாது, ஆனால் கிட்டார் நெஞ்சில் இடிக்கும். உங்கள் கட்டுரையாளர் கேட்டது எதை? எதையாவது கேட்டாரா?

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆல்பம் ‘சீ எமிலி ப்ளே’ பாட்டோடு ஆரம்பிக்கிறது என்று எழுதியிருக்கிறார். அது அமெரிக்காவில் வந்த இசைத்தட்டு. லண்டன் தட்டில் அந்தப் பாட்டே கிடையாது. அங்கே முதல் பாட்டு ‘அஸ்ட்ரானமி டாமினே’. அமெரிக்கர்கள் அதைத் தூக்கிவிட்டார்கள், ‘பைக்’கையும் தூக்கிவிட்டார்கள். நம் ஊர்க் கடைக்காரர்களுக்கும் இந்த வித்தியாசமெல்லாம் ஒரு பொருட்டில்லை. புதிதாக அடித்த தட்டையே ‘அறுபத்தேழு ஒரிஜினல் சார்’ என்று என் தலையில் கட்டப் பார்த்த கடை ஒன்று உண்டு.

குழுவின் பாடகரும் கிட்டார்காரருமான சிட் பாரெட் எல்.எஸ்.டி. என்ற போதை மருந்து எடுத்தார், 1967 முடிவதற்குள் மேடையில் நிலைகுலைந்தார், மறு வருஷம் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். யாரும் மறுக்கவில்லை. ஆனால் பதினொரு பாட்டில் எட்டு அவர் தனியாளாக எழுதியவை, பதிவானபோது அவருக்கு வயது 21. இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. 2006-ல் அவர் இறந்தபோது நான் படித்த இரங்கல் குறிப்பிலும் ‘மனநிலை பிறழ்ந்த’ என்பதுதான் முதல் வரி. நம் பத்திரிகைகளுக்கு ராக் என்றாலே கஞ்சா, ஊசி, தற்கொலை. எங்கள் சினிமாப் பாட்டுக்காரர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘ஞானம்’, ‘சாதகம்’ என்று பக்கம் பக்கமாக உருகுகிறீர்கள்.

சரி, நான் கேட்பது சின்ன விஷயம். ஆல்பத்தின் அட்டைப் படத்தை அரைப்பக்கத்துக்குப் போட்டீர்களே, அதை எடுத்தவர் விக் சிங். பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் கொடுத்த பிரிசம் லென்ஸை வைத்துத்தான் நாலு முகங்களையும் அப்படிப் பலவாகப் பெருக்கிக் காட்டினார். படத்தின் கீழே ‘கூகுள்’ என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது அவர் பெயரைப் போட்டுவிடுங்கள். முடிந்தால் முதல் பாட்டையும் திருத்துங்கள். போன முறை மோனோ, ஸ்டீரியோ பற்றி விரிவாக எழுதி அனுப்பியதில் ‘கட்டுரை அருமை’ என்பதை மட்டும் வெளியிட்டீர்கள். இந்த முறை அந்த இரண்டு சொற்களையும் நான் எழுதவில்லை.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
அரும்பாக்கம்.