தைத்துக் காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் தையல் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். 'ஆட்கள் தேவை' என்ற பலகை எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு தொங்குகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்களை வரவழைத்து, தங்க இடமும் கொடுத்து வேலை பழக்குகிற நாங்கள், உள்ளூரிலேயே வேலை கேட்டு வரும் மாற்றுத்திறனாளிகளைப் பெரும்பாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்துக்கு, இளம்பிள்ளை வாதத்தால் வலது கால் சூம்பிய பெண் ஒருவர் துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் தையல் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவரைத் தைத்துக் காட்டச் சொல்லவே இல்லை. காலைப் பார்த்ததும் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

இப்போதுள்ள நிறுவனத்தில் அதே பாதிப்புள்ள ஒருவரைச் சேர்த்தபோது, தையல் இயந்திரத்தின் மிதியை இடது காலுக்கு எட்டும்படி நகர்த்திப் பொருத்த மெக்கானிக்குக்கு அரை நாள்கூட ஆகவில்லை. செக்கிங் மேசையில் காது கேளாத பெண்கள் இருவர் இருக்கிறார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப்போன இடம் என ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதில் அவர்களிடம் பிழை காண்பது கடினம். ஆடைத் தொகுதியின் லாட் எண்ணையும் அளவையும் பலகையில் எழுதி வைக்கிறோம். பத்துப் பதினைந்து சைகைகளை நாங்களும் கற்றுக்கொண்டோம். தீ விபத்து எச்சரிக்கை மணியோடு சுழலும் சிவப்பு விளக்கு ஒன்றையும் இணைத்தோம். தொடக்கத்தில் லைனின் வேகம் குறைந்தது உண்மைதான். ஆனால் புதிதாகச் சேரும் எவருக்கும் அந்த அவகாசத்தை நாங்கள் கொடுத்தே வந்திருக்கிறோம். உண்மையில் எங்களுக்குப் பெரும் சிக்கலாக இருந்தது கழிப்பறை வாசலில் இருந்த உயரமான படிதான். இயந்திரத்தைப் பற்றி மட்டுமே யோசித்த எங்களுக்கு அது முதலில் கண்ணிலேயே படவில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டை ஒதுக்குகிறது. தனியார் துறைக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. பணியாளர்களில் குறைந்தது 5 விழுக்காட்டினராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும் வகையில் முதலாளிகளுக்கு ஊக்கச் சலுகை தர வேண்டும் என்று அரசைத்தான் அது கேட்கிறது. ஆனால் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிடும் பொறுப்பு தனியாருக்கும் உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்களின் பட்டியலும் அவர்களுக்கான தொடர்பு அலுவலர் நியமனமும் அந்தக் கொள்கையில் இடம்பெற வேண்டும். நான் பார்த்தவரையில், இப்படி ஒன்று இருப்பதே பல சிறு முதலாளிகளுக்குத் தெரியாது. மாதம் 25,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் மாற்றுத்திறனாளிக்காக நிறுவனம் செலுத்த வேண்டிய வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. பங்கை முதல் 3 ஆண்டுகளுக்குத் தானே ஏற்பதாக மத்திய அரசு 2008-இல் கொண்டுவந்த திட்டத்தையும் அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமும் தொழில் அமைப்புகளும் சேர்ந்து இந்தச் சலுகைகளைப் பனியன் கம்பெனிகளுக்கும் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் கூடங்களை நடத்துபவர்களுக்கும் நேரில் சென்று விளக்க வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பவும் உதவ வேண்டும். முதலாளிகளிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: வேலை கேட்டு வருபவரின் காலையோ காதையோ பார்த்து முடிவெடுக்காமல், இயந்திரத்தில் உட்கார வைத்து ஒரு பீஸ் தைக்கச் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
தையல் பிரிவு மேற்பார்வையாளர் ஒருவர்,
திருப்பூர்