மாணிக்கத்துக்கு, காசிமேட்டிலிருந்து

அன்புள்ள மாணிக்கம்,

இங்கு எல்லோரும் நலம், ஒருவரைத் தவிர. எட்டு மாதமாக எழுதவில்லை என்று திட்டாதே. நீ மட்டும் எழுதிக் கிழித்தாயா? இதையும் பாசத்தால் எழுதவில்லை. யாரிடமாவது சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

சரோஜா அக்காவுக்கு இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். முறித்தவன் நான்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடக்கிறது. 'காசிமேட்டில் இன்று. துறைமுகத்தில் வேலை செய்யும் மச்சான் சொன்னார். உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்.' அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மீன் ஏலக்கூடத்தில் கூச்சல். அக்கா வஞ்சிரக் கூடையைப் போட்டுவிட்டு ஓடி, படியில் விழுந்தாள்.

என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து கடல் தெரியும் என்பது உனக்குத் தெரியும். பதினெட்டுப் படி. ஏறிப் பார்க்கவில்லை.

இரவில் அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்தேன். அகன்ற மணல், ஓரமாகத் தென்னை மரங்கள். நம் கரையில் அலைக்கும் சாலைக்கும் நடுவே அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் அல்லவா கிடக்கிறது! அதில் வழுக்கி விழுந்தே வளர்ந்தவன் நான். 'இன்று' என்றால் எந்த இன்று? யாருடைய மச்சான்? என் மகள் அந்தப் படத்தையே கூகுளில் போட்டுத் தேடினாள். பல வருடப் பழையது, ஏதோ வெளிநாட்டுக் கடற்கரை. அவள் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

ஆனால் முழு முட்டாள் என்றும் என்னைச் சொல்லிவிடாதே. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு நிலம் நடுங்கியது. அலை இங்கு வந்தபோது ஏறக்குறைய ஒன்பது மணி. இரண்டரை மணி நேரம், மாணிக்கம்! சொல்ல ஒருவரும் இல்லை. அன்றிலிருந்து நம் ஆட்களுக்கு ஒரு பயம், தெரிந்தும் சொல்லாமல் விட்டுவிட்டோமோ என்று. அந்தப் பயம்தான் என் விரலை அழுத்தியது.

இப்போது அப்படி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நடுங்கியபோது எச்சரிக்கை வந்து நாம் ராயபுரம் பக்கம் ஓடினோமே, நீ ஒற்றைச் செருப்போடு! நிலம் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. மாலையே எச்சரிக்கையை விலக்கினார்கள். போன வெள்ளிக்கிழமையும் அனுப்புவதற்கு முன் அந்த மையத்தின் அறிவிப்பை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

அக்காவுக்குத் தினமும் நான்தான் சாப்பாடு கொண்டுபோகிறேன். "அதை அனுப்பினவன் கையில் கிடைத்தால் மீன் அரிவாளாலேயே விரலை நறுக்குவேன்" என்கிறாள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே தலையாட்டுகிறேன்.

பொங்கலுக்கு வா. சின்ன வயதிலிருந்து என்னைக் காட்டிக்கொடுத்தவன் நீதான். இதையும் நீயே சொல்லிவிடு. நான் மாடியில் இருக்கிறேன்.

உன்,
தேசிங்கு