அடித்த விசை பந்தோடு போவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் மாணவர் பக்கத்தில் அண்மையில் வந்த கிரிக்கெட் அறிவியல் கட்டுரையில், ‘அடித்த விசை தீர்ந்ததும் பந்து கீழே இறங்கத் தொடங்குகிறது’ என்று இருந்தது. இது தவறு. பிள்ளைகள் தேர்விலும் இப்படியே எழுதிவிடுவார்கள். திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

மட்டை தரும் விசை, பந்தைத் தொட்டிருக்கும் வரைதான். கிரிக்கெட் பந்துக்கு அது சுமார் ஆயிரத்தில் ஒரு விநாடி. அதன் பிறகு பந்திடம் இருப்பது வேகமும் சுழற்சியும் மட்டுமே. புவியீர்ப்பு முதல் கணத்திலிருந்தே இழுக்கிறது. உச்சிக்குப் போனபின் வந்து சேர்ந்துகொள்வதில்லை.

காற்றை ‘புறக்கணிக்கத்தக்கது’ என்று ஒரே வரியில் கட்டுரை தள்ளிவிட்டது. அதுதான் பெரிய குறை. விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகும் 160 கிராம் கிரிக்கெட் பந்துக்குக் காற்றுத் தடை அதன் எடையில் பாதிக்கும் மேல். டென்னிஸ் பந்து பருமனில் கிட்டத்தட்ட அதே அளவு, எடையோ 57 கிராம்தான்; அதற்குத் தடை எடையைப் போல் இரு மடங்கை நெருங்கும். அதே வேகத்தில் அடித்து, காற்றே இல்லாவிட்டால் 92 மீட்டர் போகும் டென்னிஸ் பந்து, காற்றில் ஏறக்குறைய பாதித் தூரத்தில் விழுந்துவிடும். 45 பாகையில்தான் அதிகத் தூரம் என்ற கணக்கும் காற்றில்லாத இடத்துக்கே பொருந்தும். மைதானத்தில் அதைவிடச் சற்றுத் தாழ்வாக அடிக்க வேண்டும்.

எங்கள் ஊர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பிற்பகல் கடல்காற்று விநாடிக்கு 5 மீட்டர் வீசினால், கடலைப் பார்த்து அதே 30 மீட்டர் வேகத்தில் அடித்த பந்துக்குத் தொடக்கத் தடை 36 சதவீதம் கூடும். ஊர்ப் பக்கம் அடித்தால் 30 சதவீதம் குறையும். ‘ஈரக்காற்று கனம், அதனால்தான் பந்து போகவில்லை’ என்பார்கள். ஒரே வெப்பநிலையில் ஈரக்காற்று உலர்காற்றைவிட இலேசு: நீராவியின் மூலக்கூறு நிறை 18, உலர்காற்றின் சராசரி 29. டென்னிஸ் பந்தின் ரோமத்தில் ஏறும் ஈரமும் மணலும்தான் கனம்.

காற்றுத் தடையை மாணவர்களே சோதிக்கலாம். டென்னிஸ் பந்தை நேர் மேலே அடித்து, தள்ளி நின்று, செல்பேசியில் விநாடிக்கு 120 படம் வீதம் பிடியுங்கள். சுமார் 9 மீட்டர் ஏறினால், ஏறும் நேரத்தைவிட இறங்கும் நேரம் பத்துப் படமளவு கூடுதலாக இருக்கும். அடித்த உயரத்திலேயே பந்து திரும்ப வரும் படத்தோடு எண்ணிக்கையை நிறுத்த வேண்டும். இடுப்பளவில் அடித்துத் தலைக்கு மேல் பிடித்தால், அந்த ஒரு மீட்டரிலேயே வித்தியாசம் முழுக்கக் கரைந்துவிடும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
கடலூர்.