ஓக் ஆலி போய் வந்த தம்பிக்கு

அன்புள்ள குமரா,

அமெரிக்காவின் லூசியானாவில் இருக்கும் ஓக் ஆலி என்ற பழைய கரும்புத் தோட்டத்திலிருந்து நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். இரு பக்கமும் கிளை கோத்து நிற்கும் ஓக் மரங்கள், கோடியில் அந்தத் தூண் வீடு. "அரண்மனை மாதிரி இருக்குக்கா" என்று எழுதியிருந்தாய். அழகுதான். ஆனால் பத்துப் படத்தில் ஒன்றுகூட வீட்டின் கொல்லைப்பக்கத்தைக் காட்டவில்லை.

அந்த மரங்கள் வீட்டுக்கு மூத்தவை. யாரோ எப்போதோ நட்டுவைத்த வரிசையின் கோடியில்தான், கரும்புத் தோட்ட முதலாளி ஜாக் தெலஸ்ஃபோர் ரோமான் 1837இல் வீடு கட்ட ஆரம்பித்தார். 1839இல் முடிந்தது. வரிசையில் மரங்கள் 28. வீட்டைச் சுற்றித் தூண்களும் 28.

தூண்களைக் கல் என்று நினைத்திருப்பாய். எல்லாம் செங்கல். மிசிசிப்பிக் கரையில் வண்டல் மண்தானே, கல்லுக்கு எங்கே போவது? தோட்டத்திலேயே செங்கல் அறுத்துச் சுட்டு, மேலே சாந்து பூசி, கிரேக்கக் கோயில் தூணாக ஆக்கிவிட்டார்கள். சுவர் 16 அங்குலக் கனம். நாலு பக்கமும் அகலத் தாழ்வாரம் ஓடுவதால் வெயில் சுவரைத் தொடாது. ஆற்றுக் காற்றும் மரங்களுக்கு நடுவே புகுந்து நேரே வாசலுக்கு வரும். கட்டியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

மண்ணைக் குழைத்ததும் சூளை போட்டதும் அடிமைகள். நூறு பேருக்கு மேல் அந்தத் தோட்டத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்துவான், தோட்டக்காரர். பீக்கன் என்பது தின்னும் கொட்டை தரும் மரம்; அதில் ஒட்டுக்கட்டுவது லேசான காரியமில்லை. 1846 குளிர்காலத்தில் அவர் 16 மரங்களில் ஒட்டுக்கட்டி, கையாலேயே உடைக்கக்கூடிய மெல்லிய ஓட்டுக் கொட்டையைக் கொண்டுவந்தார். 1876இல் ஃபிலடெல்ஃபியா நூற்றாண்டுக் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்து, 'சென்டெனியல்' (நூற்றாண்டு) என்ற பெயரும் வந்தது. அவர் கட்டிய மரங்களை என்ன செய்தார்கள் தெரியுமா? கரும்பு போட இடம் வேண்டும் என்று வெட்டிவிட்டார்கள்.

1848இல் ரோமான் இறந்தபோது சொத்துப் பட்டியல் எடுத்தார்கள். அதில் அந்துவானும் ஓர் உருப்படி: வயது 38, பீக்கன் ஒட்டுக்கட்டுவதில் தேர்ந்தவர், விலை 1,000 டாலர். அவரைப் பற்றி நமக்குத் தெரிவதில் பாதி அந்த விலைச்சீட்டால்தான்.

அப்புறம் வீடு பல கை மாறிப் பாழடைந்தது. 1925இல் ஸ்டூவர்ட் தம்பதி வாங்கிப் புதுப்பித்தார்கள். நீ படம் எடுத்தது அந்த மெருகைத்தான்.

அடிமைகளின் குடிசைகளையும் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை போனால் அங்கே நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா